ஊரை மறவாதவர்

வெள்ளிமலைத் தோட்டம்,
கொட்டகலை.
9-1-1955

அன்புள்ள அம்மாக்கண்ணு மதினிக்கு,

உங்கள் மாமன் மகள் பூரணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்பும் கடிதங்களில் உள்ள அதே கையெழுத்துத்தான். ஆனால் இதை அப்பா சொல்லவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. அவரும் அம்மாவும் தூங்கிய பிறகு குப்பி விளக்கைத் தாழ்த்தி வைத்து அடுப்போரம் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் லய வரிசையில் பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால்கூடக் கை நின்றுவிடுகிறது. எழுத்து கோணியிருந்தால் கோபிக்க வேண்டாம்.

நீங்களும் அத்தையும் உங்கள் அப்பாவும் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுத இன்று மனம் வரவில்லை.

எங்களை இந்த நாட்டுப் பிரஜைகளாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்பா நாலு வருஷத்துக்கு முன்னால் மனுப் போட்டார். இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஊருக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு. “இங்க நம்மள யாருன்னு கேக்குறாங்கன்னு தெரிஞ்சா தங்கச்சி தாங்க மாட்டா” என்பார். மூன்று வயதில் தாத்தாவின் தோளில் ஏறி இங்கே வந்தவர். அதற்குப் பிறகு அவர் ஊரைப் பார்த்தது ஒரே தடவைதான், அத்தையை அங்கே கட்டிக்கொடுத்தபோது. ஆனாலும் இங்கே அவரை யாரென்று கேட்கிறார்கள்.

போன வியாழக்கிழமை அந்த மனுவை விசாரிக்க ஒரு ஐயா தோட்டத்து ஆபீசுக்கு வந்தார். அவர் சிங்களத்தில் கேட்டதைக் கிளாக்கர் கணேசமூர்த்தி ஐயா தமிழில் சொன்னார். நான் பிறப்புச் சான்றிதழ்களைப் பிடித்துக்கொண்டு அப்பா பக்கத்தில் நின்றேன்.

“இந்தியாவுல யாரு இருக்கா?”

“ஒரே தங்கச்சி இருக்காங்க ஐயா. பேரு காளியாயி.”

“பணம் அனுப்புறியா?”

கிளாக்கர் ஐயா கண்ணைக் காட்டினார். அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. “அனுப்பாம இருப்பேனுங்களா? மருமக வயசுக்கு வந்தப்ப சீர் அனுப்பினேன். நல்லது கெட்டதுக்கு அனுப்புவேன். நான் தாய்மாமன் இல்லைங்களா?” என்றார். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது, மதினி.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஐயா ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மறுபடியும் கூப்பிடுவார்களாம்.

அவர் போன பிறகு கிளாக்கர் ஐயா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். “ஏன்யா, சீர்வரிசைக் கதையெல்லாம் ஒன்ன யாரு கேட்டா? தோட்டத்தானுங்க இந்த நாட்டுக் காச வழிச்சு இந்தியாவுக்கு அனுப்புறானுங்கன்னு பேப்பர்ல தெனம் எழுதுறானுங்க. பாராளுமன்றத்துல மேசையத் தட்டிப் பேசுறானுங்க. நீ என்னடான்னா ஆமா சாமின்னு தலையாட்டிட்டு வர்ற!”

கூடப் பிறந்தவளுக்கு எப்போதாவது கொடுப்பதைச் சொல்லித் தப்பிக்கலாமாம். அங்கே வீடு, நிலம் என்று ஏதாவது இருந்தால்தான் ஆபத்தாம். இருந்தால், ‘உன் உடம்புதான் இங்கே, மனசு அங்கே’ என்று மனுவைத் தள்ளிவிடுவார்களாம். ஊரில் அப்பாவுக்கு இருக்கும் அரை ஏக்கர் கொல்லைக்காட்டைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்றார். அப்பா தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கும் இதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் சோதனையில் பாஸ் பண்ணினால் ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப் போடலாம் என்று அழகுமுத்து மாஸ்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் பிரஜா உரிமை இல்லாதவளுக்கு அந்த வேலை இல்லை. கொழுந்துக் கூடைதான்.

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கொஞ்ச நாளைக்குப் பணம் வேண்டும் என்றோ, வந்தது என்றோ எழுத வேண்டாம். நிலத்தைப் பற்றி எழுதவே வேண்டாம். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எனக்குப் பதில் எழுதினால் கொட்டகலைக் கடைவீதி, தங்கவேலு முதலாளி ஜவுளிக்கடை என்று போடுங்கள். அவர் மகள் நாகரத்தினம் என் வகுப்புத்தான். கொண்டுவந்து கொடுப்பாள்.

உங்களை ஒருநாள் நேரில் பார்க்க ஆசைப்படும்,
பூரணி


கரட்டுப்பட்டி,
துறையூர் வழி.
2-2-1955

ஆசை மாமன் மகள் பூரணிக்கு,

அம்மாக்கண்ணு உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுதுவது. மாமா சொல்லாமல் நீயாக எழுதிய முதல் கடிதம்! இத்தனை வருஷம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதின பிள்ளைக்குள் இவ்வளவு பேச்சு இருக்கிறதா? பொங்கலுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா என்று நான் கோபமாக இருந்தேன். இப்போது கோபம் போயே போய்விட்டது.

பக்குவமாகச் சொல்லத்தான் நினைத்தேன். அம்மா விட்டால்தானே! “எங்கண்ணன் வீட்டுக் காயிதத்த என்னடி மறைக்கிற, முழுசா வாசி” என்று முறத்தைக் கீழே போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். வாசித்தேன். அவ்வளவுதான், ஆடித் தீர்த்துவிட்டாள். “எங்கண்ணனப் பாத்து நீ யாருன்னு ஒருத்தன் கேட்டானா? அவன் என்ன நாடோடியா? கேக்க நாதியத்தவனா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். எழுத வேண்டாம் என்று நீ சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. அண்ணனை அவமானப்படுத்திவிட்டார்கள் என்பது மட்டும்தான் ஏறியது.

மறுநாள் விடியற்காலையில் எங்கள் வெள்ளைச் சேவலைக் கமுக்கட்டில் இடுக்கிக்கொண்டு ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கர்ணம் சேவலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன எழுதணும் சொல்லு” என்றார். அம்மா சொல்ல, அவர் தன் பாஷையில் எழுதினார். கேள்:

‘மேற்படி பழனியாண்டி என்பவர் இக்கிராமத்துப் பரம்பரைக் குடி. ஜீவனத்தின் பொருட்டுச் சிலோனில் இருந்தபோதிலும் ஊரை மறவாதவர். தங்கை குடும்பத்துக்கு வருஷந்தோறும் தவறாமல் பணம் அனுப்பி வருபவர். தன் தகப்பனார் அடகு வைத்த அரை ஏக்கர் கொல்லைக்காட்டை மீட்டு அனுபவித்து வருகிறார். கோவில் வரி பாக்கி இல்லை. நல்ல நடத்தையுள்ள கண்ணியஸ்தர்.’

கீழே முத்திரையும் போட்டார். எனக்கே புல்லரித்தது. துறையூர் தபாலாபீசில் கேட்டு, கொழும்பில் இருக்கும் உங்கள் பெரிய அதிகாரிக்கு இங்கிலீஷில் விலாசம் எழுதி ரிஜிஸ்தர் செய்துவிட்டோம். மாமா பெயரும் தோட்டத்துப் பெயரும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. இனி எவனாவது மாமாவை நீ யார் என்று கேட்கட்டும்!

நீ பயப்படாமல் படி. வாத்தியாரம்மா ஆனதும் எனக்கு ஒரு நல்ல சேலை எடுத்து அனுப்பு. போன தீபாவளிக்கு மாமா அனுப்பிய சேலை ஒரே துவையலில் வெளுத்துவிட்டது. இதை மாமாவிடம் சொல்லிவிடாதே.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அம்மாக்கண்ணு


கொட்டகலை.
20-2-1955

மதினி,

அந்தச் சான்றிதழைத் திரும்ப வாங்க முடியுமா? துறையூர் தபாலாபீசில் கேளுங்கள். போயிருந்தால், தவறுதலாக அனுப்பியது என்று கர்ணத்திடம் இன்னொரு கடிதம் வாங்கி அனுப்ப முடியுமா? தயவுசெய்து கேளுங்கள்.

அத்தையைக் குறை சொல்லவில்லை. அண்ணன் மேல் உள்ள பாசத்தில் செய்துவிட்டார்கள். ஆனால் எதையெல்லாம் இல்லை என்று காட்ட வேண்டுமோ அதையெல்லாம் முத்திரை போட்டு உண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே ஒரு மனுஷனுக்குப் பெருமையாக இருப்பதுதான் இங்கே அவன் மேல் குற்றம். இதை எப்படி உங்களுக்கு விளங்க வைப்பேன்?

முந்தாநாள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், அப்போது விளங்கும். மாணவர் மன்றத்தில் விவாதம் வைத்தார்கள். ‘இந்த நாட்டில் உழைத்த பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவது தகுமா?’ என்பது தலைப்பு. பேப்பரில் வருகிற விஷயம், எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் மாஸ்டர். சீட்டுக் குலுக்கினார். எனக்குத் தகாது என்ற பக்கம் வந்தது.

தப்பிக்க முடியவில்லை. எழுந்து பேசினேன். ‘கிணற்றில் ஊறுகிற தண்ணீரை அடுத்த ஊர்த் தோட்டத்துக்கு இறைத்தால் இந்த ஊர்ப் பயிர் என்ன ஆகும்? ஒரு நாட்டின் சோற்றைத் தின்று இன்னொரு நாட்டுக்குப் பந்தல் போடுகிறவன் இந்த நாட்டுக்கு எப்படிப் பிள்ளையாவான்?’ என்றேன். பேப்பரில் வாசித்ததுதான். என் வாயிலிருந்து வரும்போது என் சொல் மாதிரியே இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எதிர்ப்பக்கம் நாகு, அதுதான் தங்கவேலு முதலாளி மகள். அவள் பேசியது ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. ‘தேயிலை கப்பலேறிச் சீமைக்குப் போகிறது. லாபமும் அதன் பின்னாலேயே சீமைக்குப் போகிறது. அதை யாரும் பணம் வெளியே போகிறது என்று சொல்வதில்லை. கொழுந்து பறித்தவள் தன் நாத்தனாருக்கு ஒரு சேலை அனுப்பினால் மட்டும் நாடு காலியாகிவிடுமா?’ என்றாள். அதுதான் நியாயம். ஆனால் வெற்றி எனக்குத்தான். நன்றாகக் குரல் எடுத்துப் பேசினேனாம்.

வெளியே வந்ததும் நாகு என் பின்னலைப் பிடித்து இழுத்து, “ஏண்டி, நீ சொன்னபடி பாத்தா மொதல்ல உங்கப்பாவத்தானடி கப்பல் ஏத்தணும்? அவருதானே பணம் அனுப்பத் தபால் கந்தோர்ல கியூவுல நிக்கிறாரு!” என்று சிரித்தாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அப்பா தபால் கந்தோர்ப் பக்கமே போக மாட்டார். கடைக்காரர்கள் பணம் போகிற வழி வேறு.

பதில் உடனே போடுங்கள்.

பூரணி


கரட்டுப்பட்டி.
12-3-1955

அன்பு பூரணிக்கு,

உன் கடிதத்தை இந்தத் தடவை அம்மாவிடம் வாசிக்கவில்லை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று நானே வாசித்து நானே அழுதேன். ரிஜிஸ்தர் தபால் போனது போனதுதானாம். கர்ணம் இன்னொன்று எழுத மாட்டார். “நேத்து உண்டுன்னு எழுதிட்டு இன்னிக்கு இல்லேன்னு எழுதுனா என் உத்தியோகம் என்னாகும்?” என்று விரட்டிவிட்டார்.

உன் பயத்தைப் போக்க ஒன்று சொல்கிறேன். உயிர் போனாலும் மாமாவிடம் சொல்லிவிடாதே.

அந்த நிலம் மாமாவுக்கு இல்லை.

அதை மீட்க மாமா பணம் அனுப்பினார் அல்லவா? அந்தப் பணத்தில்தான் மீட்டார்கள். ஆனால் மீட்கும்போது என் அப்பா தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டார். ‘கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் பெயரில் எழுதி என்ன பிரயோசனம், வரி கட்டுவது நான்தானே’ என்றாராம். எனக்கு அப்போது நாலு வயது. அம்மா ஒரு வாரம் சோறு தின்னவில்லை என்று பெரியப்பா வீட்டுப் பெரியம்மா சொல்லித் தெரியும். பிறகு தின்றாள். என்ன செய்வாள்? ஊருக்குள் மட்டும் ‘எங்கண்ணன் காடு, எங்கண்ணன் காடு’ என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறாள். கேட்கிறவர்களும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். பட்டா யார் பெயரில் என்று கர்ணத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதினார்.

அதனால் நீ பயப்படாதே. மாமாவுக்கு இங்கே ஒரு சாண் மண்கூட இல்லை. இல்லாத நிலத்துக்காக யாராவது ஒருவரைத் தள்ளுவார்களா? தெய்வம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உன்,
அம்மாக்கண்ணு


கொட்டகலை.
17-6-1955

அன்புள்ள மதினிக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுதினால் நீங்கள் சொன்னது காகிதத்தில் வந்துவிடும் என்று பயம். பகலில் அப்பா முகத்தைப் பார்க்கவும் பயம். இப்போது எழுதாமல் தீராது.

கொழும்பிலிருந்து அப்பாவுக்கு அறிவித்தல் வந்துவிட்டது. இந்தியாவில் நிலம் இருக்கிறது, அங்கே தவறாமல் பணம் அனுப்புகிறார், ஆகவே இங்கே நிரந்தரமாக வாழும் எண்ணம் உள்ளவர் இல்லை, ஏன் மனுவைத் தள்ளக் கூடாது என்று காரணம் காட்ட வேண்டும். அடுத்த மாதக் கடைசியில் நுவரெலியாவில் விசாரணை. கர்ணம் எழுதியதன் பிரதியையும் கூட வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஆபீசில் கிளாக்கர் ஐயா அதை அப்பாவுக்கு வாசித்தார். ‘ஊரை மறவாதவர்’ என்ற இடம் வந்ததும் அப்பா கையை நீட்டி நிறுத்தினார். “அத இன்னொருக்கா வாசிங்கய்யா” என்றார். ஐயா வாசித்தார். ‘கண்ணியஸ்தர்’ என்று முடித்ததும், “பாத்தீங்களாய்யா, ஊர்ல நம்மள எப்படி வச்சிருக்காங்கன்னு!” என்றார் அப்பா. கண் கலங்கியிருந்தது. கிளாக்கர் ஐயா தலையில் கை வைத்துக்கொண்டு, “யோவ், இது ஒன் கழுத்துக்குக் கயிறுய்யா!” என்றார். இத்தனை வருஷத்தில் இந்தத் தோட்டத்தில் அப்பாவைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வரி எழுதியதில்லை, மதினி.

வீட்டுக்கு வந்ததும், “காளியாயிக்கு இது எப்படித் தெரிஞ்சிச்சு?” என்று கேட்டார். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், “நாந்தான் பிள்ளைய எழுதச் சொன்னேன். ஒங்க தங்கச்சிக்குத் தெரியாம மறைக்க நாம என்ன களவாணிகளா?” என்றாள். அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளாக்கர் ஐயா ஒரு வழி சொன்னார். நிலம் வேறு ஒருவர் பெயரில் இருக்கிறது என்று அங்கேயிருந்து ஒரு சாட்சி வந்தால் போதுமாம். பட்டா நகல் வந்தால் இன்னும் நல்லதாம். பாதி வழக்கு விழுந்துவிடுமாம். “அதுக்கு எங்க போறது, நெலம் ஒன் பேர்லதானே இருக்கு” என்று அவரே சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பட்டா நகல் ஒன்று எடுத்து அனுப்புங்கள். உங்கள் அப்பா பெயரில் உள்ளதை உள்ளபடி அனுப்புங்கள், போதும். பொய் ஒன்றும் வேண்டாம். நடந்ததைத்தான் கேட்கிறேன். உங்கள் குடும்பத்தின் மேல் எங்களுக்கு வழக்கில்லை. நிலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள்.

நிலம் போனது தெரிந்தால் அப்பா உடைந்துபோவார். பிரஜா உரிமை கையில் இருந்தால் அதைத் தாங்கிக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கும்,
பூரணி


கரட்டுப்பட்டி.
6-7-1955

பூரணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

எனக்கு ஆவணியில் கல்யாணம். தாத்தையங்கார்பேட்டைப் பக்கம். மாப்பிள்ளை நெல் அரவை மில்லில் இருக்கிறார். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் தகப்பனார், “சிலோன்ல மாமன் இருக்காராம்ல, இன்னும் காட்ட விடாம வச்சிருக்காராம்ல” என்று பெருமையாகக் கேட்டார். அம்மா ஆமாம் என்றாள். என் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் போய்ப் பட்டா நகல் கேட்டால் கர்ணம் வாய் சும்மா இருக்குமா? மச்சான் பணத்தில் மீட்ட நிலத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவன் வீட்டில் எவன் பெண் எடுப்பான்? அம்மாவிடம் கடைசியில் கேட்டேன். “அண்ணனுக்கு அங்க வேல இருக்கு, லயம் இருக்கு. காயிதம் இல்லேன்னா என்ன, அடிச்சா வெரட்டப் போறாங்க? எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு” என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

இன்னொன்றும் சொல்லச் சொன்னாள். மனுத் தள்ளிப்போனால் இங்கே வந்துவிடலாம் என்று மாமா நினைக்க வேண்டாம். போன மாதம் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து துறையூர்ச் சத்திரத்தில் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. ‘இத்தனை நாள் சம்பாதித்தது எங்கே’ என்று கேட்கிறார்கள். கூலிக்காரர்கள் ‘சிலோன்காரர்கள் வந்து கூலியைக் கெடுக்கிறார்கள்’ என்கிறார்கள். அங்கே இருந்தால்தான் உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை.

என் கல்யாணம் முடியும் வரை நிலத்து விஷயம் உன் வாயிலிருந்து வரக் கூடாது. நான் உன்னை நம்பிச் சொன்னது. சத்தியமாகக் கேட்கிறேன்.

மாமாவுக்குப் பத்திரிகை தனியாக வரும். தாய்மாமன் சீர் இல்லாமல் தாலி ஏறாது என்று அவருக்குத் தெரியும்.

அம்மாக்கண்ணு


கொட்டகலை.
22-10-1955

மதினிக்கு,

உங்கள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று அத்தை எழுதச் சொல்லி யாரோ எழுதிய கடிதம் வந்தது. சந்தோஷம். அப்பா அதைக் கேட்டுவிட்டு லயம் முழுவதும் கற்கண்டு கொடுத்தார்.

நீங்கள் கேட்ட சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். எப்படிக் காப்பாற்றினேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜூலைக் கடைசியில் நுவரெலியாவுக்குப் போனோம். கிளாக்கர் ஐயா ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் வழி முழுவதும் அப்பாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். “நெலத்தத் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன், எனக்கு அங்க ஒண்ணும் இல்லேன்னு சொல்லு. அது போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.” அப்பா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

விசாரித்த அதிகாரி கெட்டவர் இல்லை. அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. கர்ணத்தின் சான்றிதழைக் காட்டி, இதில் சொல்லியிருப்பது உண்மையா என்று கேட்கச் சொன்னார். கிளாக்கர் ஐயா கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு, இல்லை என்று தலையையும் ஆட்டிக் காட்டினார்.

அப்பா சொன்னார்: “உண்மைதானுங்க. ஒரு வார்த்தகூடப் பொய் இல்லீங்க.”

“நிலம் உன்னுடையதா?”

“எங்கப்பன் தொலைச்ச நெலம். நான் மீட்டது. இருக்கிறத இல்லேன்னு சொன்னா பூமித்தாய் பொறுக்க மாட்டாங்கய்யா.”

அந்த ஒரே இடத்தில் அவர் பொய் சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். எனக்கு அது தெரியும். இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன். ‘இல்லைங்கய்யா, அந்த நிலம் எங்களுக்கு இல்லை’ என்று சொன்னால் போதும். அந்த அதிகாரி என்னையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். உங்கள் கல்யாணத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். அப்பா முகத்தைப் பார்த்தேன், அதனால்தான். அந்த அறையில் அவரிடம் இருந்தது அந்த அரை ஏக்கர் மட்டும்தான். இவ்வளவுதான் காரணமா, வெறும் பயமா என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் மனுவைத் தள்ளிக் கடிதம் வந்தது. ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப் போடுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. தை பிறந்ததும் நானும் கொழுந்துக்குப் போவேன். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் பதியச் சொல்லிக் கங்காணி ஆள் அனுப்பிவிட்டார்.

அப்பா இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறீர்கள்? “போகட்டும், நமக்கென்ன ஊர் இல்லையா?” என்றார். அடுத்த காம்பரா அழகன், “ஒனக்கென்னப்பா, நீ மிராசு! நாங்கதான் ரெண்டுங்கெட்டான்” என்று கிண்டல் செய்கிறான். அப்பாவுக்கு அது கிண்டலாகவே படவில்லை. சிரித்துக்கொள்கிறார்.

இப்போது பணம் அனுப்பவும் பயமில்லையாம். இந்தியாக்காரன் என்றே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இனி ஒளித்து மறைக்க என்ன இருக்கிறது என்கிறார். உங்கள் சீரைத் தபால் கந்தோரில் சத்தமாகப் பெயர் சொல்லித்தான் அனுப்பினார். அது உங்களுக்கு வர வேண்டியது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்று மாலை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்கள் அப்பாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். நம் காட்டில் கிணறு வெட்ட ஆள் பார்க்கச் சொல்லி. அதற்காக அம்மாவின் தோட்டை விற்கப் பேசியிருக்கிறார். எனக்குப் படிப்பு முடிந்துவிட்டதால் அந்தச் செலவும் மிச்சமாம். அதையும் மாதாமாதம் அனுப்புவாராம். மூன்று வருஷத்தில் தண்ணீர் வந்துவிடும், பிறகு எல்லோரும் போய்விடலாம் என்றார். போனால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று அம்மா சொன்னாள். “எதுக்குத் திரும்பி வரணும்?” என்றார்.

அவர் சொன்னபடி எழுதினேன். அந்தக் கடிதம் பக்கத்தில் இருக்கிறது. நான் அதைத் தபாலில் போட மாட்டேன்.

கல்யாணம் முடியும் வரை என்று கேட்டீர்கள். முடிந்துவிட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லை. அப்பா முற்றத்தில் வெயில் காய உட்காருவார். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லப் போகிறேன். அவர் என்னை அடிக்கலாம். நம்பாமலும் இருக்கலாம். நம்பினால் என்ன ஆவார் என்று நினைக்கத்தான் பயமாக இருக்கிறது. ஆனால் அம்மாவின் காதிலிருந்து கழற்றி உங்கள் அப்பாவின் நிலத்தில் கிணறு வெட்ட விடமாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மனதாரத்தான் சொல்கிறேன். என்னைப் போல அவரும் வாயை மூடிக்கொண்டவர்தானே.

இனி எனக்கு எழுத வேண்டாம். ஏதாவது சொல்ல இருந்தால் அப்பாவுக்கே எழுதுங்கள். வாசித்துக் காட்ட நான் இருக்கிறேன்.

பழனியாண்டி மகள்,
பூரணி